மாப்பிள்ளைக்குப் பரீட்சை

“ஆணாப் பொறந்த எதுவும் மலடு ஆகாது. மலடுங்கிறது பொம்பளைங்களுக்குன்னே செஞ்ச வார்த்தை.”

இந்த உண்மை, குளிர் தொடங்கிய ஒரு காலைப் பொழுதில், கால்நடை மருத்துவமனை முற்றத்தில், குடற்புழு மருந்து வாங்க வந்த இடத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிக்கவில்லை. சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

அவருக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் செம்மறி வைத்திருந்த யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ‘அறிக்கை’ என்றுதான் சொல்வார்கள். மழை வருமா என்று கேட்டால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்; இவர் அறிக்கை விடுவார். அறிக்கைப்படி மழை வராவிட்டால் குற்றம் மழையின் பேரில்.

“மலடின்னு சொல்றோம். மலடன்னு எவனையாவது சொல்லிக் கேட்டிருக்கோமா?”

“மலடன்னு அகராதியில இருக்குங்க,” என்றார் வரிசையில் முதலாவதாக நின்ற கண்ணாடிக்காரர், உதட்டை அதிகம் அசைக்காமல்.

“இருக்கும். அகராதி புடிச்சவங்க எழுதினதுதானே.”

முற்றம் சிரித்தது. வரிசையில் நின்றவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. கொள்கைக் காரணம் எதுவும் கிடையாது. சிரித்தால் கை தளர்ந்துவிடும், அவ்வளவுதான்.

அவர்கள் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குழாயை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஆடு சேர்க்கும் பருவம் தொடங்குமுன் கெடாக்களின் விந்தணுவைச் சோதித்துவிட வேண்டும் என்று டாக்டர் அந்த வருடம் கறாராகச் சொல்லியிருந்தார். எடுப்பது முற்றத்தில், பார்க்கிற நுண்ணோக்கி உள்ளறையில், நடுவில் வரிசை. வெளிக்குளிர் பட்டால் குழாயில் இருப்பது விறைத்துச் செத்துப்போகும், நல்ல கெடாகூட பரீட்சையில் தோற்றுவிடும். ஆகவே தன் முறை வருகிறவரை தன் கெடாவினுடையதற்குத் தன் உடம்புச் சூட்டைக் கொடுத்துக் காப்பது உரிமையாளரின் கடமை. பார்க்கிறவனுக்கு, வளர்ந்த ஆண்கள் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் காய்ச்சல் பார்க்கிறார்கள் என்று தோன்றும்.

கண்ணாடிக்காரருக்கு இரண்டு பேர் தள்ளி நின்றவன் அறிக்கையின் மச்சான். மனைவிக்குத் தம்பி. டவுனுக்கு அந்தப் பக்கம் தனியாகப் பட்டி வைத்திருக்கிறான்.

“என்ன மச்சான், அடைகாக்குறியா? எப்பப் பொரியும்?”

“சும்மா இருங்க மாமா.”

“இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். கெடாவோடதுக்கு நீ சூடு குடுக்குற. நாளைக்குப் பொறக்கிற குட்டி யாரைப் பாத்து அப்பான்னு கத்தும்?”

மச்சான் மூக்கால் மூச்சை இழுத்துச் சிரிப்பை அடக்கினான். கை பிழைத்தது. “உங்க மாப்பிள்ளையையும் ஓட்டிட்டு வந்திருக்கலாம்ல? போன வருஷமே சில பெட்டை சினை புடிக்கலன்னு அக்கா சொன்னா.”

மாப்பிள்ளை என்பது அறிக்கையின் கெடா. முறுக்கிய கொம்பும் அகன்ற மார்புமாக அது நடந்து வந்தால் பட்டியே ஒதுங்கி வழிவிடும். அதற்குத் தனிக் கொட்டில், தனித் தொட்டி, தனிச் சீப்பு.

“மாப்பிள்ளைக்குப் பரீட்சையா?” அறிக்கையின் குரல் உண்மையாகவே புண்பட்டிருந்தது. “வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நிக்க வெச்சு அதை இதைத் தடவிப் பாக்குற வீடு எங்கேயாவது உண்டா? பெட்டையைச் சோதி. நூறு தடவை சோதி. நான் வேணாங்கலையே.”

மருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, வரிசையின் ஓரமாக, இரண்டு கைகளையும் தாராளமாக வீசி நடந்து போனார்.

சொன்னதைச் செய்கிற மனிதர். பெட்டைகளைச் சோதிப்பதில் அவரைக் குறை சொல்ல இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். பருவத்துக்குப் பல வாரம் முன்பே ஒவ்வொன்றாகப் பிடித்து வாயைத் திறந்து பல் பார்ப்பார். மடியை அழுத்திக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். குளம்பைச் சீவுவார். முதுகில் கம்பளிக்குள் விரலை விட்டு எலும்பைத் தடவுவார். எலும்பு முட்டினால் அந்த ஆடு தானியம் கூட்டிப் போடுகிற பக்கம். எலும்பே தட்டுப்படாமல் கொழுத்திருந்தால் வெறும் வைக்கோல் பக்கம். இளைத்ததும் சினை பிடிக்காது, கொழுத்ததும் பிடிக்காது. உடம்பு தேறிக்கொண்டே வருகிற ஆடுதான் இரட்டைக் குட்டி போடும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாப்பிள்ளைக்கு மட்டும் சீப்பால் வாரிவிட்டார்.

ஆட்டைப் பிடித்து அவர் பக்கம் தள்ளுவது மனைவியின் வேலை. அவளுக்கும் இந்தச் சோதனைகள் புதிதல்ல. சோதிக்கிற பக்கத்தில் அல்ல, சோதிக்கப்படுகிற பக்கத்தில்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை என்று டவுன் மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியவள். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவித் திரையில் பார்த்தார்கள். உள்ளே சாயம் செலுத்தி எங்கேயாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று படம் பிடித்தார்கள். சாயம் தங்குதடையில்லாமல் போயிற்று. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். குறைந்தது போதும் என்றார்கள், நிறுத்தினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே உங்ககிட்ட பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரைக் கூட்டிட்டு வாங்க. அவரைப் பாக்காம மேல எதுவும் செய்ய முடியாது. வயசு நமக்காக நின்னுக்கிட்டு இருக்காது.”

அதை அவள் வந்து சொன்னபோது, தான் முழுத் தீவன மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவர் என்றும், இன்றுவரை ஒரு பல்கூட ஆடியதில்லை என்றும் அறிக்கை வெளியிட்டார்.

“பல்லை யாருங்க கேட்டா?” என்றாள் அவள்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றது என்றால் முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். ஜன்னலில் அட்டைகள் அப்படியேதான் இருந்தன.

பருவம் வந்தது. மாப்பிள்ளையின் மார்பில் எண்ணெயில் குழைத்த மஞ்சள் சாயத்தை அப்பிப் பட்டிக்குள் விட்டார்கள். எந்தப் பெட்டைமேல் ஏறினதோ அதன் பின்முதுகில் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். சினை பிடிக்காத செம்மறி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வரும். ஆகவே அதற்குள் சாயத்தை மாற்றிச் சிவப்புப் பூச வேண்டும். மஞ்சளாகவே நிற்கிற ஆடு சினை. மஞ்சள்மேல் சிவப்பு விழுந்தால், முதல் தடவை வீண். ஆடு வைத்திருப்பவன் வீட்டில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு.

மஞ்சள் எல்லா முதுகிலும் விழுந்தது. அறிக்கைக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்புப் பூசினார்கள். சிவப்பும் எல்லா முதுகிலும் விழுந்தது.

“பாத்தியா? ஓய்வு ஒழிச்சல் இல்லாம உழைக்கிறான்,” என்றார் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “அப்ப மஞ்சளுக்கு என்ன ஆச்சுங்க?”

“மஞ்சளுக்கு என்ன?”

“மஞ்சள் புடிச்சிருந்தா அதுங்க ஏன் மறுபடி அவனைக் கிட்ட சேர்க்குது?”

கேள்வி அவருக்கு எட்டாமல் இல்லை. எட்டியது, ஆனால் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றது. தீவனத்தில் உப்பு குறைச்சல் என்றார். இந்த வருடப் புல் நீர்ப்பிடிப்பு என்றார். பெட்டைகளுக்குக் கொழுப்பு, மனசில் கொழுப்பு என்றார். சாயத்தை மறுபடி மாற்றினார். நீலமும் எல்லா முதுகிலும் விழுந்தது.

வழியில் போகிறவர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “என்ன அறிக்கை, எல்லாக் கட்சிக் கொடியையும் உங்க பட்டியில ஏத்திட்டாங்களே. யாரு ஜெயிப்பாங்க?” என்று ஒருத்தன் கேட்டான். இவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். யாருமே ஜெயிக்கவில்லை என்பது மட்டும் அந்தப் பதிலில் இல்லை.

அந்த வாரம் அவருடைய அக்கா வந்தாள். பக்கத்துத் தெரு. தம்பிமேல் பாசம் அதிகம். பாசம் அதிகமானால் வாய் அடங்காது. வேலிக்கு வெளியே நின்று மூன்று நிற முதுகுகளைப் பார்த்தாள். வேலிக்கு உள்ளே வாளியோடு நின்றவளையும் பார்த்தாள்.

“ஒண்ணுக்கும் உதவாததுக்கு இன்னும் எத்தனை வருஷம்டா தீனி போட்டுக்கிட்டே இருப்ப?”

“இந்த வாரம் வண்டி வருதுக்கா,” என்றார் அவர். ஆட்டைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்துச் சொன்னார். அப்படித்தான் நினைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

மனைவி வாளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலி வாளியோடு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வண்டி என்றால் கறி வியாபாரியின் வண்டி. இந்த வருடமும் போன வருடமும் மோசம் என்று அறிக்கை தீர்மானித்த ஆடுகளை, அவற்றின் மேலிருந்த மூன்று நிறங்களோடு, அதில் ஏற்றினார்கள். கடைசியாக நின்றது சீமாட்டி. ஒரு காது கிழிந்த வெள்ளைப் பெட்டை. மற்ற ஆடுகள் தீவனத்தின் பின்னால் போகும். சீமாட்டி மனைவியின் பின்னால் போகும். அடுப்படி வாசல்வரை வந்து, அவள் வேலை முடிகிறவரை கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்கும்.

“இது வேணாங்க,” என்றாள்.

“ரெண்டு வருஷம் காலி. பட்டியில சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் தன் வண்டியிலேயே வந்தான். அறிக்கை பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். “கொண்டு போ மச்சான். உன் பாஸ் பண்ணின கெடாகிட்ட விட்டுப் பாரு. கல்லுல நார் உரிக்கிற கதைதான்.”

“உரிச்சுப் பாக்குறேன் மாமா,” என்றான் அவன். சீமாட்டியைத் தூக்கி வைக்கும்போது தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

குளிர் இறுகியபோது டாக்டர் ஸ்கேன் கருவியோடு பட்டிக்கு வந்தார். சினை ஆடு எது, ஒற்றை எது, இரட்டை எது என்று பிரித்துவிட்டால், அதற்குத் தகுந்த தீனி போடலாம். தடுப்புக்குள் ஆடுகள் ஒவ்வொன்றாக வரும். டாக்டர் உட்கார்ந்தபடி அடிவயிற்றில் கருவியை வைத்துச் சின்னத் திரையைப் பார்ப்பார். மனைவி மறுபக்கக் கதவைத் திறந்து விடுவாள். இரட்டைக்கு இடது பக்கம், ஒற்றைக்கு வலது பக்கம், சினை இல்லாததற்கு நேரே. அறிக்கை இடது பக்கத் தடுப்பைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டி வைத்திருந்தார்.

“காலி,” என்றார் டாக்டர்.

முதல் ஆடு நேரே போயிற்று.

“காலி.”

“இது எப்பவும் சண்டி,” என்றார் அறிக்கை.

“காலி.”

“இதுக்குக் கால்ல அடி.”

“காலி. காலி.” டாக்டர் நடுவில் ஒருமுறை கருவியைத் துடைத்து, தன் பையிலிருந்த வேறு பசையைப் போட்டுப் பார்த்தார். “காலி.”

அதற்குமேல் அறிக்கையிடம் காரணங்கள் தீர்ந்துபோயின. ஆடுகள் தீரவில்லை. டாக்டரின் குரலில் குத்தலும் இல்லை, வருத்தமும் இல்லை. எத்தனையோ பட்டிகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். கதவருகே நின்றவளுக்கும் அந்தச் சொல்லும் அந்தக் குரலும் வேறோர் அறையில் கேட்டுப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தாள், மூடினாள். இடது தடுப்பும் வலது தடுப்பும் புதுக் கம்பியோடு வெறிச்சென்று கிடந்தன. நேர்த் தடுப்பில் இடம் போதாமல் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின.

கடைசி ஆடும் போன பிறகு டாக்டர் எழுந்து முதுகை நிமிர்த்தினார். “பெட்டைங்க எல்லாம் அருமையா இருக்குங்க. இவ்வளவு நல்ல உடம்போட ஒரு மந்தையை நான் பாத்ததே இல்ல. கெடா எங்க?”

மாப்பிள்ளையை அழைத்து வந்தார்கள். டாக்டர் பின்னால் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை எதிரே இருந்த பெட்டைகளைப் பார்த்து மேலுதட்டைச் சுருட்டியது.

“ஒரு பக்கம் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. இன்னொண்ணு சூம்பியிருக்கு. எப்பவோ வந்த தொத்து. ரெண்டு வருஷம் இருக்கும்.”

“ஆனா நல்லா ஏர்றானே டாக்டர். ஒரு நாள் ஓயலையே.”

“ஏறுவான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. ஆசை அப்படியேதான் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது.”

டாக்டர் கைகழுவப் போனார். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. தம்பி. அங்கேயும் அந்த வாரம்தான் ஸ்கேன். அவன் சொன்னது வெளியே கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவளின் கை தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. போனை வைத்துவிட்டு, யாரிடமும் அல்லாமல் பொதுவாகச் சொன்னாள்: “சீமாட்டிக்கு ரெட்டை.”

வண்டியில் போன மற்றவை வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

கறி வியாபாரி தகவல் தெரிந்து தானாகவே வந்து நின்றான். மாப்பிள்ளை நல்ல எடை. அறிக்கை வாசலிலேயே அவனை மறித்தார். கொட்டில் அப்படியே இருக்கும், தொட்டி அப்படியே இருக்கும், மாப்பிள்ளை எங்கேயும் போகப்போவதில்லை என்று தெரிவித்தார். “உழைச்ச ஜீவன்யா அது. பாவம், அதுக்கென்ன தெரியும்? இருக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்.”

தடுப்புகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “ஆம்பளைன்னா பென்ஷன். பொம்பளைன்னா வண்டி.”

வியாபாரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தான். அறிக்கை வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். செருமியதோடு சரி.

குட்டி போடும் காலத்தில் எல்லாப் பட்டிகளும் தூக்கம் தொலைக்கும். இவர் பட்டி நன்றாகத் தூங்கியது. பழக்க தோஷத்தில் ஆடு ஈனுகிற அறைகளைக் கழுவி, வைக்கோல் பரப்பி, குட்டிகளுக்குச் சூடு காட்டுகிற விளக்குகளைக்கூடத் தொங்கவிட்டிருந்தார். பகலில் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார். பெட்டைகளின் முதுகில் மூன்று நிறமும் மங்கி, சேற்றோடு கலந்து, காயம் ஆறுகிற தோல்போல ஆகியிருந்தன. காற்று திரும்பினால் அடுத்த பட்டிகளிலிருந்து குட்டிகள் கத்துவது கேட்டது.

ஒருநாள் காலை அக்கா போன் செய்தாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்; கை ஒழியவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

“அழுது என்னடா ஆகப்போகுது? கெடாவை மாத்தினா மந்தை சரியாயிடும். வீட்டுக்கும் ஒரு வழி பாக்கணும்ல. நான் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன். அமைதியான பொண்ணு. இவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், யாரு வேணாங்கிறா?”

மனைவி தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். வாழ்க்கையில் கேட்காத இடத்திலெல்லாம் அறிக்கை விட்ட மனிதர், கேட்கிற இடத்தில், “அப்புறம் பேசுறேன்க்கா,” என்று மட்டும் சொல்லி போனை அணைத்தார்.

அவள் குழாயை மூடினாள்.

“அக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. என்னை எந்த வண்டியில ஏத்துறதா இருக்காங்கன்னு.”

“ஏய், அவ ஏதோ சொல்றா...”

“அவங்க சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்க?” கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போறேன். சீமாட்டி ஈனும்போது நான் அங்க இருக்கணும்.”

“எப்ப வருவ?”

“பாக்கலாம்.”

இத்தனை வருடத்தில் அவள் எந்தக் கேள்விக்கும் ‘பாக்கலாம்’ என்று சொன்னதில்லை. போகும்போதே வருகிற நாளைச் சொல்கிறவள். அவர் அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார். விளிம்பு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. மாத்திரை அட்டை ஒன்றுகூட இல்லை.

அவர் எழுந்து மாப்பிள்ளையின் கொட்டிலுக்குப் போனார். மாப்பிள்ளை வழக்கம்போல் கம்பீரமாக நின்றது. மார்பில் நீலச் சாயம் கட்டிதட்டிக் காய்ந்திருந்தது. சீப்பைக் கையில் எடுத்தார், வாரவில்லை. சுவரில் சாய்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது இவரைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் பெட்டைகள் இருக்கிற திசையில் உதட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் டவுனுக்குக் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கம்பி வாங்காமல் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை காலையில் குளிர் இன்னும் விடவில்லை. அவள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டவர், போட்டவர்தான்.

“பஸ் போயிடும்ங்க. நான் கிளம்பட்டுமா?”

“இரு, நானும் டவுன்வரைக்கும் வர்றேன்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். அறிக்கை விடுகிற குரல் அல்ல.

வெளியே வந்தபோது கழுத்துவரை கோட்டுப் பொத்தானை மாட்டியிருந்தார். முகம் கழுவிய ஈரத்தோடு இருந்தது. அவள் பையை அவர்தான் எடுத்தார், இடது கையால். வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் உட்கார்ந்தார்கள், அவள் ஜன்னலோரம். கண்டக்டர் வந்தபோது வலது பக்கப் பையிலிருந்து சில்லறை எடுக்க இடது கையை மார்புக்குக் குறுக்காக விட்டுத் துழாவினார்.

“கையில என்னங்க அடியா?”

“சுளுக்கு.”

அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர், கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்ற அந்தக் கண்ணாடிக்காரர். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பிக்கொண்டார்.

“என்ன அறிக்கை, பஸ் இவ்வளவு அமைதியா இருக்கு? ஊருக்குச் சொல்றதுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?”

அறிக்கை தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடிக்காரரின் பார்வை, சும்மா போகிற போக்கில், அந்த வலது கைமேல் விழுந்தது. தோள் லேசாக உயர்ந்து, முழங்கை விலாவில் புதைந்து, மூச்சுக்கூட அளந்து விடுகிற அந்த இருப்பு அவருக்குத் தெரிந்த இருப்பு. அவரே அப்படி நின்றவர். பார்த்தார். மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார். டவுன்வரை மறுபடி திரும்பவே இல்லை.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அறிக்கையின் இடது கை பாய்ந்து போய் வலது அக்குளை வெளியிலிருந்து பொத்திக்கொண்டது. அவள் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தம்பி அந்த மருத்துவமனை முற்றத்துக் கதையை எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தான். அப்போது அவள் சிரிக்கவில்லை.

மறுபடி வெளியே பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

“எப்பப் பொரியும்?”

அவர் முன்னால் இருந்த தலையைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார்.

“சும்மா வா,” என்றார் கடைசியில். “சிரிச்சா கை தளர்ந்துடும்.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. டவுன் வர இன்னும் நேரம் இருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் குளிர்காற்று அவள்மேல் அடித்து, அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பாதி எழுந்து, இறுகிப்போயிருந்த கண்ணாடியை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினாள்.